ஜெட்டிலிருந்து மேப்புக்கு: எஞ்சின் டியூனிங்கில் மாறியது என்ன?

சென்னை பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று தேவை. இ20-க்குச் சுமார் 13.5 கிலோ போதும்.

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800-க்கு இந்தக் கணக்கு தெரியாது. மெயின் ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் எரிபொருள் வரும். எனவே கலவை வறண்டுபோகும், அதாவது காற்றுக்கேற்ற எரிபொருள் இருக்காது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை வெளுத்திருந்தால் எரிபொருள் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம், இளம்பழுப்பு என்றால் சரி. வெளுத்திருந்தால் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றி, ஐடில் ஸ்க்ரூவைச் சரிசெய்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி ஸ்பார்க் வரும் நேரத்தை டைமிங் லைட்டில் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுவது நல்லது. எத்தனாலில் ஊறி உப்பிவிடும்.

புது வண்டியில் இதை இசியூ, அதாவது எஞ்சினை இயக்கும் கணினி, தானே செய்துகொள்கிறது. ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தை நொடிக்குப் பலமுறை திருத்துகிறது. வசதிதான். ஆனால் நீங்கள் பெரிய இன்ஜெக்டர் போட்டாலும், சீரான ஓட்டத்தில் அதே திருத்தம் பழைய கலவைக்கே இழுத்துவிடும். திருத்தத்தின் எல்லை தாண்டினால் செக் எஞ்சின் விளக்கு எரியும். பவர் வேண்டுமென்றால் எரிபொருள், ஸ்பார்க், டர்போ அளவுகளை இசியூவுக்குச் சொல்லும் மேப்பையே மாற்ற வேண்டும். இதுதான் ரீமேப்.

டர்போ இல்லாத எஞ்சினுக்கு ரீமேப் பெரும்பாலும் காசுக்குக் கேடு. டர்போவில் பலன் உண்டு, ஆபத்தும் உண்டு. 15 டிகிரி காற்றைவிட 35 டிகிரி காற்று 6 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி குறைந்தது. கிண்டி சிக்னலில் நின்றால், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சூடேறிவிடும். குளிர்ந்த ஊரில் எழுதிய மேப்பால் இங்கே நாக் (ஸ்பார்க்குக்குப் பின் மிச்சக் கலவை தானே வெடித்துத் தட்டுவது) வரலாம். சாதாரண நாக் வந்தால் இசியூ ஸ்பார்க்கைப் பின்தள்ளிச் சமாளிக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவில் 2000 ஆர்பிஎம்மை ஒட்டி முழு ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது கலவை ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொள்வது உண்டு. அதை ஸ்பார்க்கைப் பின்தள்ளித் தடுக்க முடியாது. பிஸ்டனில் ரிங் பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடே உடையலாம். டார்க்கை (முறுக்கு விசையை) அந்த இடத்தில் ஏற்றாத மேப்பும், ஏபிஐ எஸ்பி தர ஆயிலும் அவசியம்.

முதலில் கம்பெனியின் ஸ்டாக் மேப்பிலேயே டைனோவில் (பவரை அளக்கும் மேடையில்) ஓட்டி லாக் எடுங்கள்: காற்றின் வெப்பம், நாக் ரிடார்ட் (நாக்குக்காக ஸ்பார்க்கைப் பின்தள்ளிய அளவு), இசியூ கேட்ட பூஸ்ட் (டர்போ அழுத்தம்), கிடைத்த பூஸ்ட். எல்லா சிலிண்டரிலும் ஏற்கெனவே 4, 5 டிகிரி பின்தள்ளிக்கொண்டிருந்தால் மேலே ஏற்ற இடமில்லை. அடுத்து கியர்பாக்ஸ். ஃபோக்ஸ்வேகனின் 7 ஸ்பீடு டிரை கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் தாங்கும் டார்க் 250 நியூட்டன் மீட்டர், 1.5 டிஎஸ்ஐ எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே அதைத் தொட்டுவிடுகிறது.

இசியூவில் புது மேப்பை எழுதும்போது பேட்டரியில் சப்போர்ட் சார்ஜர் இருக்கட்டும். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் இசியூ செத்துவிடலாம். ஒரிஜினல் ஃபைலின் காப்பியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் உங்கள் ரீமேப் அழிந்துபோகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.