பல்சர் துடிப்பதில்லை

‘76 வினாடிக்கு ஒருமுறை மெதுவாகத் துடிக்கும் விண்மீன்’ என்று, பல்சர் பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையில் மறுபடியும் படித்தேன். ஒரே தொடரில் இரண்டு பிழை. தென்னாப்பிரிக்காவின் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியில் சிக்கி, 2022-இல் அறிவிக்கப்பட்ட பல்சர் அது. அது துடிக்கவில்லை, சுழல்கிறது. அதன் ரேடியோ கற்றை நம் பக்கம் திரும்பும்போது மட்டும் ஒரு துடிப்பு பதிவாகிறது. அந்தத் துடிப்பு அரை வினாடிகூட நீடிப்பதில்லை. மெதுவாக நடப்பது சுழற்சிதான்.

‘பல்சர்’ என்ற சொல் பிறந்த கதை சின்னது. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் 1.337 வினாடிக்கு ஒருமுறை வந்த முதல் துடிப்புகளைக் கண்டார். மறு ஆண்டே, ஏற்கெனவே இருந்த ‘குவேசார்’ (வெகு தொலைவில் விண்மீன்போலத் தெரியும் பேரொளிப் பொருள்) என்ற பெயரின் சாயலில் ‘பல்சர்’ வந்துவிட்டது. விண்மீனே அதிர்ந்து விரிந்து சுருங்குகிறதோ என்று அப்போது நினைத்தார்கள். சுழலும் நியூட்ரான் விண்மீன் (பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த உட்கரு) என்று தெளிந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய தவறான ஊகத்தைத் தமிழில் ஏன் மறுபடி நட வேண்டும்?

அதைவிடப் பெரிய சிக்கல், நிஜமாகவே துடிக்கும் விண்மீன்கள் இருப்பது. செஃபீடு வகை விண்மீன்கள் விரிந்து சுருங்கி, ஒளி கூடிக் குறைபவை. ‘துடிக்கும் விண்மீன்’ அவற்றுக்கே உரிய பெயர். பல்சருக்கும் அதையே சூட்டினால் படிக்கும் மாணவர் எதை எதிலிருந்து பிரிப்பார்? ‘துடிப்பு விண்மீன்’ கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ‘துடிப்பு விண்மீனின் துடிப்பு’ என்று எழுதும்போது நாக்கு தடுக்குகிறது.

பல்சருக்கு என் தேர்வு ‘துடிமீன்’. வினைத்தொகையாகப் பிரித்தால் இதுவும் ‘துடிக்கும் மீன்’தானே என்பார்கள். நான் பெயராகப் பிரிக்கிறேன். துடி என்பது நம் பழைய தோற்கருவி. பல்சரின் அலையை ஒலியாக மாற்றிக் கேட்டுப் பாருங்கள், சீராகத் தட்டும் துடிதான் கேட்கும். தட்டு நம் காதுக்கு வருவது, விண்மீன் துடிப்பது அல்ல.

அப்புறம், பல்சரின் துடிப்புகள் வரும் நேரத்தைக் கணிக்கும் ‘டைமிங்’ என்பதைத் ‘துடிப்பு வேகம்’ என்று எழுதுகிறார்கள். அங்கே யாரும் வேகத்தை அளப்பதில்லை. பல துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சராசரி வடிவத்தோடு ஒப்பிட்டு, அவை வந்து சேர்ந்த நேரத்தைக் குறிக்கிறார்கள். 76 வினாடிக்காரரிடம் ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் கிடைப்பது 47 துடிப்புகள்தான். அதற்குள் அலைவாங்கியின் இரைச்சலும் மெல்ல ஏறி இறங்கி அடிக்கோட்டை (துடிப்பு இல்லாதபோது பதிவாகும் அளவை) கலைத்துவிடும். இத்தனை பாடுபட்டுக் குறிப்பது வந்துசேர்ந்த நேரம் என்பதால், ‘வருநேர அளவீடு’ என்றே எழுதலாம்.