டிகாஷன்: கொதிக்காத கஷாயம்

வேலூர் காந்தி ரோட்டு ஓட்டல் ஒன்றில், காலை ஏழு மணிக்கு, எதிர் நாற்காலிப் பெரியவர் சொன்னார்: "டிகாஷன் ஜாஸ்தி, சக்கர கம்மி, ஆத்தாம குடுப்பா."

ஆறே சொற்கள். டிகாஷன் லத்தீனில் பிறந்து ஆங்கிலம் வழியாக வந்தது. ஜாஸ்தி அரபியில் கிளம்பி, பாரசீகமும் உருதுவும் சுற்றி வந்தது. சர்க்கரை, வடமொழியின் சர்க்கரா. அங்கே அதற்குச் சரளைக்கல், பருமணல் என்றும் பொருள் உண்டு. கம்மி பாரசீகம். கடைசி இரண்டு மட்டும்தான் நம் வீட்டுப் பிள்ளைகள். நவாபு ஆண்ட ஆற்காட்டுச் சீமையில் கம்மியும் ஜாஸ்தியும் புழங்குவதில் வியப்பில்லை, அவை இப்போது ஊர்க்காரர்களே ஆகிவிட்டன. ஆனால் இந்த டிகாஷன் மட்டும் என்னைக் கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. காரணம், சொல்லுக்கும் பொருளுக்கும் அங்கே பொருத்தமே இல்லை.

லத்தீனில் 'டிகாக்குவெரே' என்றால் வற்றக் காய்ச்சுதல். அதற்குள் இருக்கும் 'காக்குவெரே', சமைத்தல். ஆங்கில 'குக்' அந்த வேரிலிருந்து வந்ததுதான், ஆகவே நம் அடுப்பில் விசில் அடிக்கும் குக்கரும் அதன் பக்கத்தில் நிற்கும் டிகாஷனும் ஒருவகையில் பங்காளிகள். மருந்துக்கடைப் பேச்சில் டிகாக்‌ஷன் என்பது, வேரையோ பட்டையையோ தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துச் சாரத்தை இறக்கிய நீர். வெந்நீரை ஊற்றி ஊறவைத்தால் அதற்கு வேறு பெயர். தூளின் மேல் ஊற்றிக் கீழே சொட்டவிட்டால் இன்னொரு பெயர். நம் பித்தளை ஃபில்டர் செய்வது இந்தக் கடைசி வேலைதான். மேல் அடுக்கில் தூள், அதன்மேல் குடைபோல ஓர் ஓட்டைத் தட்டு, வெந்நீர், மூடி. அப்புறம் பொறுமை. தூள் ஒரு கணம்கூட அடுப்பின் மேல் கொதிப்பதில்லை. கொதித்தால் கசக்கும் என்று பாட்டிகள் திட்டுவார்கள். ஆக, வீட்டுக்கு வீடு நாம் டிகாஷன் என்று சொல்வது, சொல்லின் கறாரான பொருளில் டிகாஷனே இல்லை.

அப்படியானால் பெயர் எப்படி ஒட்டியது? எனக்குத் தோன்றுவது இது. ஃபில்டர் வாங்க வசதியில்லாத வீடுகளில் காபி என்றால் கொதிக்கிற தண்ணீரில் தூளையும் வெல்லத்தையும் போட்டு, பொங்கவிட்டு, தெளியவைத்துத் துணியில் வடிகட்டுவதுதான். என் பாட்டி குடியாத்தம் பக்கத்து வீட்டில் கடைசிவரை அப்படித்தான் போட்டார். அது அசல் டிகாஷன், மருந்துக்கடை அகராதிப்படியே சரி. பாத்திரம் மாறிய பிறகும் பெயர் அப்படியே நின்றுவிட்டது. நடுவில் இருந்த 'க்' மட்டும் நம் நாக்கில் கரைந்துபோய், டிகாக்‌ஷன் டிகாஷனாகி, பாட்டி வாயில் 'டிக்காசன்' ஆனது.

இனி தமிழ்ச் சொல். சிலர் உடனே 'கஷாயம்' என்பார்கள். அதுவும் வடமொழி, துவர்ப்புச் சுவைக்குப் பெயர், செங்காவி நிறத்துக்கும் பெயர். துறவிகளின் காஷாய உடை அதே வேர். அசல் டிகாஷனுக்கு அச்சு அசலான தமிழ்ச் சொல் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கிறது: குடிநீர். டெங்கு பரவிய நாட்களில் தெருவில் ஊற்றிக் கொடுத்தார்களே நிலவேம்புக் குடிநீர், 2020-ல் வீடு வீடாகக் குடித்தோமே கபசுரக் குடிநீர், அந்தக் குடிநீர். நாலில் ஒன்றாக, எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சி இறக்குவது என்ற கணக்குவரை அதற்குள் அடங்கும். ஆனால் பாவம், அந்தச் சொல்லை இன்று குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டது. 'காபிக் குடிநீர் கொஞ்சம் தூக்கலாக' என்று கேட்டால் சர்வர் ஜக்கை எடுத்து வந்து டம்ளரை நிரப்பிவிட்டுப் போவார்.

மீதி இருப்பது வடிநீர். கொட்டை வடிநீர் என்று காபிக்கே பெயர் சொல்லிச் சிரித்த தலைமுறை நாங்கள். கொட்டையின் பிளவு மாட்டுக் குளம்பு போல இருப்பதால் குளம்பி என்றும் ஒரு பெயர் உண்டு. குளம்பி எனக்கு ஒப்பவில்லை. குழம்பி, கலங்கி என்று காது கேட்டுவிடுகிறது. அரபிக் கஹ்வாவிலிருந்து உலகம் முழுக்கச் சுற்றிய பெயரைக் காபி என்று வைத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை என்பது என் கட்சி. ஆனால் வடிநீரைக் காபி முழுவதற்கும் வைத்ததுதான் தப்பு; ஃபில்டரின் கீழடுக்கில் நிற்கும் கறுப்புச் சாற்றுக்கு மட்டும் வைத்தால் கனகச்சிதமாக உட்காரும். வடி என்ற வினையைப் பாருங்கள்: சோறு வடிக்கிறோம், கண்ணீர் வடிக்கிறோம், சிலைகூட வடிக்கிறோம். வேண்டாததை நிறுத்தி வேண்டியதை வெளியே கொண்டுவருவது அதன் ஒரு முகம். ஃபில்டர் செய்வதும் அதைத்தான். வேர்ச்சொல் ஆராய்ச்சிக்கே வாழ்நாளைக் கொடுத்த தேவநேயப் பாவாணர் சிறுவயதில் வளர்ந்து படித்தது எங்கள் ஆம்பூரில். ஆகவே இந்தப் பக்கத்துக்காரன் காபி ஆறுவது தெரியாமல் வேர் பிடுங்கிக்கொண்டிருந்தால் மன்னிக்கலாம்.

ஒரு சங்கடம் உண்டு. வடிப்பது என்றால் சாராயமும் நினைவுக்கு வரும். இது தமிழுக்கு மட்டும் வந்த சங்கடம் என்று நினைத்திருந்தேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகளில் வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள் நிறைய. பலகைகளிலேயே வங்காள எழுத்து இருக்கும். அங்கே ஒரு டீக்கடையில் ஒருவர் வந்து "லிக்கர்" என்று கேட்டார். மாஸ்டர் திகைத்து, காலையிலேயேவா என்கிற மாதிரி பார்த்து, கையால் தூரத்தைக் காட்டினார். அவரும் விடாமல் டீ பாய்லரைக் காட்டி, "லிக்கர் சா, லிக்கர் சா" என்றார். வங்காளத்தில் பால் ஊற்றாத டீக்கு அதுதான் பெயர். தேயிலை வியாபாரத்திலும் இறங்கிய சாற்றை லிக்கர் என்றே சொல்கிறார்கள். ஆக அந்த ஊரிலும் நம் ஊரிலும் இந்தச் சாற்றுக்குப் பெயர் தேடினால் சாராயக் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

பெயர்ச்சொல்லுக்குத்தான் இத்தனை பாடு. வினைச்சொல்லில் தமிழ் கடனே வாங்கவில்லை. "டிகாஷன் இறங்கிடுச்சா?" என்றுதான் கேட்கிறோம். பனையிலிருந்து கள்ளை இறக்குகிறோம், துணியைத் துவைத்தால் சாயம் இறங்குகிறது, அதே இறக்கம். சூட்டையும் நுரையையும் ஒரே வீச்சில் கவனிப்பது ஆற்றுதல். பசி ஆற்றுவதும் கோபம் ஆறுவதும் அந்தச் சொல்லோடு வரும். டபராவும் டம்ளரும் இருக்கும்வரை அந்த வினைக்கு வேலை உண்டு. ஒரு கல் அதிகம் என்பதற்குத் 'தூக்கல்'. உப்பு தூக்கல், காரம் தூக்கல், சர்க்கரை தூக்கல் என்று நாக்கோடு ஒட்டிய இந்தச் சொல் இருக்க, எதற்கு ஜாஸ்தி? ஓட்டல்காரர்கள் கேட்கும் "இன்னா சார், ஸ்ட்ராங்கா லைட்டா?" என்பதில் ஸ்ட்ராங்குக்குக் 'கெட்டி' இருக்கிறது. கெட்டியிலும் கெட்டிக்குக் 'கள்ளிச்சொட்டு'. கள்ளியைக் கிள்ளினால் வருகிற பால் மாதிரி கெட்டியாக என்று பொருள். இதைவிட ஒரு காபிப் பிரியனை யாரும் புகழ்ந்துவிட முடியாது.

இடையில் ஓர் எச்சரிக்கை. கெட்டியும் காபியும் ஒன்றல்ல. சிக்கரி ஒரு செடியின் வறுத்த வேர். கறுப்பும் கெட்டியும் கொடுக்கும், காஃபீன் கிடையாது. காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது இந்திய விதி, விகிதம் பொட்டலத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும். டிகாஷன் ஜாஸ்தி கேட்கிறவர் பாதி நேரம் வேரைத்தான் ஜாஸ்தி கேட்கிறார். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வாலாஜா தாண்டினாலும் விடாத 'கும்பகோணம் டிகிரி காபி' பலகையில் உள்ள டிகிரிக்கு, பாலை அளக்கும் கருவியின் டிகிரி என்றும், சிக்கரிதான் வாயில் திரிந்தது என்றும், முதல் இறக்கம் என்றும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எனக்குப் பால் கதைதான் நம்பும்படி இருக்கிறது.

எங்கள் சத்துவாச்சாரி வீட்டில் அப்பாவுக்குக் கெட்டி, ஆற்றாமல். அம்மாவுக்குப் பால் தூக்கல், ஆடை ஒரு துளி மிதந்தாலும் டம்ளர் திரும்பிவிடும். மாமா வந்தால் அரைச் சர்க்கரை என்பார், அப்புறம் அவரே டப்பாவைத் திறந்து மீதி அரையைப் போட்டுக்கொள்வார். போன வாரம் நான் சோதனைக்காக, "அம்மா, வடிநீர் இறங்கிடுச்சா?" என்று கேட்டுப் பார்த்தேன். அம்மா கைவேலையை விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய், சாக்கடையில் தண்ணீர் போகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.