யானை வெடியும் கெண்டைக்குஞ்சும்

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பக்கத்து வயலில் இரவுக் காவல் இருப்பவர்கள் யானைகளை விரட்ட யானை வெடி கொளுத்துவார்களாம். குசினிக்குள் நிற்கும் இவர் அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நிலத்தில் கிடப்பாராம். "எப்ப விழுந்தனான் எண்டே தெரியாது சேர். கையில அகப்பை அப்பிடியே இருக்கும். மனுசன் சிரிக்கிறார். மாமி நூல் கட்டச் சொல்லுறா. 2009இல எனக்குப் பதினொரு வயசு. இது என்ன வருத்தம்?"

வருத்தமா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் குளத்தடிக்குப் போய் வரவேண்டும்.

ஆவணி, புரட்டாதி மாதங்களில் வன்னிக் குளங்களின் அலைகரை உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கும். இரணைமடுவானாலும் வவுனிக்குளமானாலும் ஊருக்குள் இருக்கும் பேர் தெரியாத சின்னக் குளமானாலும் கதை ஒன்றுதான். தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன் நெருங்கும். மீன் நெருங்கினால் கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் வந்துவிடும். சின்னக் கொக்கைக் கவனித்துப் பாருங்கள். கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அந்தப் பாதத்தைத் தண்ணீருக்குள் நடுங்குவதுபோல் ஆட்டிச் சேற்றைக் கலக்கும். பதுங்கியிருந்த மீன் பதறிப் பாயும். அலகு அங்கே தயாராக இருக்கும்.

"வலியது வாழும்" என்று மேடைகளில் டார்வினின் பெயரால் முழங்குகிறார்கள். அந்தச் சொற்றொடரை முதலில் எழுதியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், 1864இல். டார்வின் அதை 1869ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் எடுத்துக்கொண்டார். அதன் பொருளும் "பொருந்தியது வாழும்" என்பதே. வலிமை எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ தெரியாது. கொக்குக்கும் கெண்டைக்குஞ்சுக்கும் நடக்கும் போட்டியில் வலிமைக்கு என்ன வேலை? அங்கே எல்லாம் மில்லிசெக்கன் கணக்கு.

கெண்டைக்குஞ்சு மேயும் இடத்தில் ஒரு சின்னக் கல்லைப் போடுங்கள். கல் தண்ணீரைத் தொட்டதைத்தான் நாம் பார்ப்போம். குஞ்சுகள் போனதைப் பார்க்கமாட்டோம். வேகக் கமராவில் பிடித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்: சத்தம் வந்த பக்கத்துக்கு எதிராக மீனின் உடல் முழுவதும் ஆங்கில 'சீ' எழுத்துப்போல வளைகிறது, பிறகு வாலை ஒரே அடியாக அடித்துப் பாய்கிறது. சத்தம் காதில் பட்டதிலிருந்து வளையத் தொடங்கும் வரை ஏறக்குறைய செக்கனில் நூறில் ஒரு பங்கு. நாம் ஒருமுறை கண் இமைத்துத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த அவசரத்தில் மூளை எப்படி முடிவெடுக்கிறது? எனக்கு இந்த இடம் வந்தால் சோறு தண்ணீர் வேண்டாம்.

மீனின் பின்மூளையில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டே இரண்டு இராட்சத நரம்புக்கலங்கள் இருக்கின்றன. இலட்சக்கணக்கான கலங்களுக்கு நடுவில் இந்தச் சோடி மட்டும் தனியாகத் தெரியும். இவற்றின் தடித்த நார்களை மீனின் முண்ணாணில், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டில், கண்டு 1859இல் எழுதியவர் லுட்விக் மௌத்னர். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. இன்றும் அவை மௌத்னர் கலங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. ஒரு கிளைக்குக் காதிலிருந்து செய்தி வரும், மற்றதற்குக் கண்ணிலிருந்து. கண் என்றால் எதைப் பார்த்தாலும் அல்ல. விரைவாகப் பெரிதாகிக்கொண்டு வரும் உருவம். பாய்ந்து இறங்கும் மீன்கொத்தி கீழே இருக்கும் மீனுக்கு அப்படித்தானே தெரியும்.

இடப்பக்கம் சத்தம் கேட்டால் இடப்பக்க மௌத்னர் கலம் வெடிக்கும், அதாவது ஒரு மின்துடிப்பை அனுப்பும். அதன் நீண்ட நார் குறுக்கே வலது பக்கம் தாண்டி, முண்ணாண் வழியே வால் வரை போகிறது. போகிற வழியெல்லாம் வலப்பக்கத் தசைகளை ஒரே நேரத்தில் சுருக்கிவிடும். மீன் வலது பக்கம் வளையும், அதாவது ஆபத்துக்கு மறுபுறம். இதற்குத் தேவைப்படுவது அப்படி ஒரு மின்துடிப்பு, ஒரு கணத்தாக்கம். ஒன்றே ஒன்று. ஆயிரம் கலங்கள் கூடி வாக்கெடுப்பு நடத்துவதற்கெல்லாம் அங்கே நேரம் கிடையாது.

காதிலிருந்து வரும் செய்தி இந்தக் கலத்துக்குள் இறங்கும் விதமும் வேறு. வழமையாக ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்குச் செய்தி போக இடையில் இரசாயனம் வேண்டும். சங்குப்பிட்டியில் முன்பு படகு ஏறினோமே, அதுபோல: வந்து நிற்கவேண்டும், ஏற்றவேண்டும், அக்கரை போய் இறக்கவேண்டும். மின் நரம்பிணைப்பு என்பது 2011இல் அங்கே திறந்த பாலம் மாதிரி. இறங்காமல் நேரே போய்விடலாம். மௌத்னர் கலத்துக்குக் காதிலிருந்து வரும் நார்களில் இப்படிப் பாலம் போட்டிருக்கிறது. மிச்சம் பிடிப்பது அரை மில்லிசெக்கன் அளவுதான். கொக்கின் அலகுக்கு முன்னால் அதுவும் பெரிய காசு.

சரி, இரண்டு கலமும் ஒன்றாக வெடித்தால்? இரு பக்கத் தசையும் சேர்ந்து இழுக்கும், மீன் கட்டைபோல நிற்கும். ஆகவே ஒன்று வெடித்த கணமே மற்றதை அணைக்கவேண்டும். 1963இல் ஃபுருகாவாவும் ஃபர்ஷ்பானும் தங்கமீனில் இதை ஆராய்ந்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். மௌத்னர் கலத்தின் நார் தொடங்கும் இடத்தைச் சுற்றி நரம்பு இழைகளால் ஆன தொப்பி போன்ற ஒன்று இருக்கிறது. அந்த இழைகள் இரசாயனம் எதையும் ஊற்றாமல், வெளியே ஒரு மின்புலத்தை மட்டும் எழுப்பிக் கலத்தை அடக்கிவிடுகின்றன. படகும் இல்லை, பாலமும் இல்லை. அக்கரையில் நின்று கையைக் காட்டியே மறித்துவிடுகிற மாதிரி. இதை முதலில் வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

"தங்கமீனின் ஒரு நரம்பை ஆராய்வதற்குக் காசா?" என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருப்பார்கள். இலங்கையில் கேட்கவேண்டிய தேவையே இல்லை. ஆராய்ச்சிக்கு நாம் ஒதுக்குவது பல வருடங்களாக நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.2 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. மௌத்னர் கலத்தில் படித்தது பாலூட்டிகளின் திடுக்கிடலைத் தேடிப் போனவர்களுக்கும் உதவியது. ஒட்டுசுட்டான் கேள்விக்கு விடை அந்த வழியில்தான் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு பாம்புக் கதை. தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் பக்கத்து நீர்நிலைகளில் மூக்கில் இரண்டு மீசை முளைத்த ஒரு நீர்ப்பாம்பு இருக்கிறது. தலையை மடக்கிக் கொக்கிபோல வளைந்து கட்டைமாதிரிக் கிடக்கும். தலைக்கும் உடலுக்கும் நடுவே மீன் வந்ததும், தலையை அசைக்காது. உடலை ஒரு வெட்டு வெட்டும். அந்த அதிர்வு மீனின் காதில் படும், அந்தப் பக்க மௌத்னர் கலம் வெடிக்கும், மீன் எதிர்ப்பக்கம் திரும்பிப் பாயும். எதிர்ப்பக்கத்தில் இருப்பது பாம்பின் வாய். அமெரிக்காவின் கென்னத் கட்டானியா 2009இல் இதைப் படம்பிடித்துக் காட்டினார். பெரும்பாலான தடவைகளில் மீன் தலைப்பக்கமே திரும்பியது. சில மீன்கள் நேரே வாய்க்குள்ளேயே போயின. பாம்பு மீன் நிற்கும் இடத்தைக் கொத்துவதில்லை, அதன் தலை வந்து சேரப்போகும் இடத்தைக் கொத்துகிறது. பிறந்த குட்டிகளும் அப்படியே செய்கின்றன என்று அடுத்த ஆண்டு காட்டினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மீன் ஏன் இன்னும் திருந்தவில்லை? இந்தப் பாம்புக்கு ஒருமுறை ஏமாந்தாலும் மற்ற எல்லா எதிரிகளிடமிருந்தும் அதே திருப்பம்தான் காப்பாற்றுகிறது. அரிதான எதிரிக்காக அன்றாட எதிரிக்கு எதிரான காவலை யார் கைவிடுவார்?

இனி நம் விஷயம். மௌத்னர் கலம் நமக்கு இல்லை. ஆனால் காதிலிருந்து மூளைத்தண்டுக்கும் அங்கிருந்து முண்ணாணுக்கும் போகும் குறுக்குப்பாதை நமக்கும் உண்டு. இடையில் நிற்பவை சில பெரிய நரம்புக்கலங்கள்தான். மைக்கல் டேவிஸ் குழுவினர் 1982இல் எலிகளில் இந்தப் பாதையை வரைந்தார்கள். சூடான சட்டியைத் தொட்டால் கை தானே விலகும் தெறிவினையைச் சாதாரண தரத்தில் படித்திருப்பீர்கள், இதுவும் அந்த இனம்தான். பெரிய சத்தம் கேட்டால் 50 மில்லிசெக்கனுக்குள் கண் மூடும், பின்னாலேயே கழுத்து இறுகும், தோள் ஏறும், முழங்கால் மடியும். கண்ணையும் கழுத்தையும் வயிற்றையும் காக்கும் கூனல் அது. "வெடி" என்று மனது சொல்வதற்குள் உடல் கூனி முடித்திருக்கும்.

அந்தக் கூனல் எல்லோருக்கும் உண்டு, சிரிக்கிற மனுசனுக்கும் உண்டு. அளவுதான் வேறுபடும். அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு அமிக்டலா என்ற பகுதியில் இருக்கிறது. வாதுமைப் பருப்பளவு, மூளையின் இரு பக்கமும் ஒவ்வொன்று. பயத்தோடு பழக்கப்பட்ட ஒரு வெளிச்சம் எரியும்போது எலிகள் அதே சத்தத்துக்குக் கூடுதலாகத் துள்ளுகின்றன என்பது 1951இலேயே தெரிந்துவிட்டது. பயம் இருக்கும்போது அமிக்டலா அந்தக் குறுக்குப்பாதையின் திருகை முறுக்கி வைக்கிறது.

பதினொரு வயதில் இந்தத் திருகு எவ்வளவு முறுக்கப்பட்டிருக்கும்? வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மேலே வண்டு என்று நாங்கள் சொன்ன வேவு விமானம் சுற்றும் இரைச்சல், செல் என்கிற எறிகணையைக் குத்துகிற, அதாவது ஏவுகிற சத்தம், அது வந்து விழும் வரை எண்ணும் செக்கன்கள். குத்துகிற சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை அங்கே இருக்கவில்லை. என் மருமகள் ஒருத்தி, ஆறு வயது, பங்கர் வாசலில் வைத்து எனக்கே திருத்திச் சொன்னாள்: "மாமா, அது போறது. வாறது இல்லை." கூனல் பிறவியில் வந்தது. அதற்கு மேல் நிலத்தில் குப்புறப் படுப்பது பழகியது, ஒரு நாளில் பத்துத் தடவை, மாதக்கணக்கில். பழகியது அவ்வளவு வேகமாக வருகிறதென்றால் நன்றாகப் பழகியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஆகவே தங்கச்சி, உங்கள் தலை பழுதாகவில்லை. மிகையாகத் திடுக்கிடுவது மனவடுவின் அறிகுறிகளில் ஒன்று என்று 1980இலேயே மருத்துவக் கையேட்டில் ஏறிவிட்டது. நித்திரை குழம்பினால், வெளியே போகவே பயமாக இருந்தால், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கு வைத்தியம் இருக்கிறது, வெட்கப்பட எதுவும் இல்லை. மாமி கட்டுகிற நூலைப் பற்றி: கட்டட்டும். கையில் நூல் இருப்பதால் கெடுதி ஒன்றும் இல்லை. ஆனால் நூலைக் கட்டிவிட்டு "இனிப் பயப்படக்கூடாது" என்று பிள்ளையை ஏசுவார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. தெறிவினையை யாரும் ஏசித் திருத்தியதில்லை. கணவருக்கு ஒரு வேலை சொல்லுங்கள். வெடி கொளுத்தும் நேரத்தைக் காவல்காரர் போனில் முன்கூட்டிச் சொல்லட்டும், இவர் உங்களுக்குக் குரல் கொடுக்கட்டும். எதிர்பார்த்த சத்தத்துக்கு உடல் அவ்வளவு துள்ளாது.

கேட்டுக் கேட்டுப் பழகினால் போய்விடாதா என்றும் எழுதியிருந்தீர்கள். யானைகளுக்குப் பழகிவிட்டது உண்மைதான், இப்போது வெடியைக் கேட்டும் நெல்லைத் தின்றுகொண்டு நிற்கின்றன. போன கிழமை நானும் குளத்துத் துருசடியில், அதாவது மதகடியில், இருந்து பார்த்தேன். கெண்டைக்குஞ்சுக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரே அளவான கல்லாகப் போட்டேன். முதல் கல்லுக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஐந்தாவதற்குப் பாதி நின்றது. பன்னிரண்டாவது கல்லுக்கு ஒரு குஞ்சு கல் விழுந்த இடத்துக்கே வந்து வாயால் தொட்டுப் பார்த்தது. அந்த நேரம் மேலே கம்பியில் இருந்த மீன்கொத்தி சும்மா இடம் மாறி அமர்ந்தது. அதன் நிழல் தண்ணீரில் விழுந்தது, அவ்வளவுதான். கலங்கிய சேறு மட்டும் மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.