மான்புவொலுஸ்துஸ்தஹ்தோ: விருப்பமா, திட்பமா?

உக்ரைன் மீது ரஷ்யா 2022-இல் முழு அளவில் படையெடுத்த பிறகு, தம் இளைஞர்கள் நாட்டைக் காக்க முன்வருவார்களா என்ற கேள்வி ஐரோப்பாவில் ஓயாமல் எழுகிறது. அச்செய்திகளைத் தமிழில் தரும்போது ‘போரிடும் விருப்பம்’ என்றோ ‘தேசபக்தி’ என்றோ எழுதிவிட்டால் பொருள் திரிந்துவிடும். நாட்டைக் காக்கும் மனவுறுதிக்குப் பின்லாந்து மக்கள் வழங்கும் மான்புவொலுஸ்துஸ்தஹ்தோ என்ற நீண்ட சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அந்தத் திரிபு விளங்கும்.

இது மூன்று சொற்கள் ஒட்டிய தொகைச்சொல். முதலில் நிற்கும் ‘மா’ நிலத்தையும் மண்ணையும் நாட்டையும் ஒருசேரக் குறிக்கும். ‘பிறந்த மண்’ என்னும்போது நம்முடைய மண் என்ற சொல்லும் அப்படித்தான் விரிகிறது. ‘மான்’ என்பது ‘மண்ணின்’ என்னும் உடைமை வடிவம். நடுவிலுள்ள ‘புவொலுஸ்துஸ்’ என்றால் காத்தல். பக்கம், பாதி என்று பொருள்படும் ‘புவொலி’யிலிருந்து அது பிறந்ததால், ஒருவரைக் காப்பது என்பது அந்த மொழியில் அடிப்படையில் அவர் பக்கம் நிற்பதுதான், தாக்குதலின் சாயல் அதில் சிறிதும் இல்லை என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இறுதியில் வரும் ‘தஹ்தோ’ உள்ளத்தின் உறுதியைச் சொல்கிறது.

அந்நாட்டின் பாதுகாப்புத் தகவல் ஆலோசனைக் குழு நெடுங்காலமாக நடத்திவரும் கருத்துக்கணிப்பில் இச்சொல் அளவுகோலாகவே மாறியிருக்கிறது. பின்லாந்து தாக்கப்பட்டால், முடிவு என்னவாகும் என்பது உறுதியில்லாத நிலையிலும் மக்கள் ஆயுதம் ஏந்தித் தற்காத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்கிறார்கள். 2022-இல் 83 விழுக்காட்டினர் ஆம் என்றனர். உங்கள் திறமைக்கு ஏற்ற காப்புப் பணியில் நீங்களே ஈடுபடுவீர்களா என்பது தனிக் கேள்வி. ‘போரிட ஆசையா’ என்று எங்குமே கேட்கப்படுவதில்லை. ஆண்களுக்குப் படைப்பணி அங்கே சட்டக் கடமை. அது 165, 255 அல்லது 347 நாள் நீளும். பெண்கள் 1995 முதல் தாமாக முன்வந்து சேரலாம். போரை வெறுத்துக்கொண்டே பணிக்குச் செல்லும் பதினெட்டு வயது இளைஞனிடமும் தஹ்தோ இருக்கலாம் என்பதால்தான் ‘விருப்பம்’ இங்கே பொருந்தவில்லை. ‘தேசபக்தி’யும் பொருந்தாது, அதற்கு அவர்களிடம் ‘இசன்மால்லிசூஸ்’ என்று வேறு சொல் இருக்கிறது.

சுவீடன் மொழியின் ‘ஃபொர்ஸ்வார்ஸ்வில்யா’வும் காப்பு, உள்ளத்துறுதி என்ற இரண்டையும் இணைத்து ஏறத்தாழ இதே பொருளைத் தருகிறது. ஜெர்மன் மொழியின் ‘வேர்பெரைட்ஷாஃப்ட்’ சற்று விலகி நிற்கிறது. அதன் பின்பாதி ஆயத்த நிலையைக் குறிப்பது. 2011-இல் கட்டாயப் படைப்பணியை நிறுத்திவைத்த ஜெர்மனி, 2026 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, 2008-இலும் அதன் பின்னரும் பிறந்த ஆண்களுக்கு ஒரு வினாப்படிவம் அனுப்பி, பணியில் நாட்டம் உண்டா என்று கேட்கிறது. பதில் அளிப்பது கட்டாயம், பணியில் சேர்வது இப்போதைக்குக் கட்டாயமில்லை என்ற அந்த ஏற்பாட்டுக்கு ‘ஆயத்தம்’ என்ற சொல்லே பொருத்தம். தனித்தமிழில் எழுதுவோர் ‘அணியம்’ எனலாம்.

தஹ்தோவுக்கு நான் பரிந்துரைப்பது ‘திட்பம்’. நுண்மையிலிருந்து நுட்பம் வந்ததைப் போலத் திண்மையிலிருந்து வந்த சொல் இது. ‘வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்’ என்ற குறள், செயலின் உறுதியை மனத்தின் உறுதியில் வைத்துப் பேசுகிறது. பின்லாந்துச் சொல் தாங்கிநிற்கும் கருத்தும் அதுவே. மூலத்தை ஒட்டி ‘மண்காப்புத் திட்பம்’ என்று ஆக்கலாம் என்றாலும், செய்தி உரைநடையில் ‘நாட்டுக்காப்புத் திட்பம்’ தடையின்றிப் படிக்க வரும். ‘இளைஞர்களுக்குப் படைப்பணியில் விருப்பம் குறைவு, நாட்டுக்காப்புத் திட்பம் குறைவில்லை’ என்று ஒரே வரியில் இரண்டையும் வேறுபடுத்தி எழுத அப்போது இடம் கிடைக்கும்.