அனைத்துண்ணி

மனிதன் இறைச்சி தின்றுதான் ஆக வேண்டுமா என்ற வாதம் எழுந்தால், ‘மனிதன் ஓர் ஆம்னிவோர்’, அதாவது எல்லாம் உண்ணும் உயிர், என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். சொன்னதோடு வழக்கு முடிந்துவிட்டதாகவும் நினைப்பார்கள். அந்தச் சொல்லால் அவ்வளவு பாரம் தாங்க முடியாது.

லத்தீனில் ‘ஆம்னிஸ்’ என்றால் எல்லாம். ‘வொராரே’ என்றால் விழுங்குதல். (நாம் ஏறி இறங்கும் பஸ்ஸும் இதே ஆம்னிஸின் வழிவந்ததுதான். ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ தேய்ந்து, வால் மட்டும் மிஞ்சியது.) தமிழில் பாடநூல்கள் ஆளும் ‘அனைத்துண்ணி’ இதற்குப் பொருத்தமான சொல். வழிகாட்டி, பூச்சிக்கொல்லி என்பவற்றைப் போல, ‘உண்’ என்ற வினை இகரம் ஏற்று, உண்ணும் உயிரைக் குறிக்கும் பெயராகிறது. தாவர உண்ணி, ஊனுண்ணி என்னும் சொற்களோடு ஓர் இனமாகவும் நிற்கிறது.

ஆனால் அனைத்துண்ணி என்பது திறனைச் சொல்லும் சொல், தேவையைச் சொல்வதன்று. தாவரத்தையும் ஊனையும் உண்டு செரிக்க வல்லது என்பதே பொருள். இரண்டையும் உண்டே தீர வேண்டும் என்ற பொருள் அதில் இல்லை. தேவையைக் குறிக்க உயிரியலில் வேறொரு சொல் உண்டு: ‘கட்டாய ஊனுண்ணி’. பூனை அப்படிப்பட்டது. டாரின் என்ற பொருளைப் பூனையின் உடல் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ளாது; உணவில் அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். கேரட்டின் நிறமியை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் பூனையால் இயலாது. மனித உடல் இவ்விரண்டையும் செய்துகொள்கிறது. மாறாக, வைட்டமின் சி பூனையின் கல்லீரலிலேயே உருவாகும். நமக்கு அது உணவின் வழியாகத்தான் வர வேண்டும்.

வகைப்பாட்டுப் பெயரை வைத்து உணவைத் தீர்மானிப்பதும் தவறு. பாண்டா ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்த விலங்கு. அது உண்பதோ ஏறக்குறைய முழுக்க மூங்கில்.

இறைச்சி தேவை என்போரிடம் ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மழுப்பக் கூடாது. வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. அதைச் செய்பவை பாக்டீரியாக்கள். விலங்குகளின் வழியாக அது நம்மை அடைகிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2.4 மைக்ரோகிராம் போதும். அந்தத் துளி தொடர்ந்து கிடைக்காமற்போனால் இரத்தசோகை வரும், நரம்புகள் பழுதாகும். கல்லீரலில் பல ஆண்டுகளுக்கான இருப்பு இருக்கக்கூடும் என்பதால் குறை உடனே வெளியில் தெரியாது. பாலும் முட்டையும் உண்போருக்கு அவற்றிலிருந்தே பி12 கிடைக்கும். எந்த விலங்குணவும் உண்ணாதவர்கள் மாத்திரையாகவோ, பி12 சேர்த்த உணவாகவோ அதைத் தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.