சின்னக் காரில் சைக்கிள் ரேக்: எடையோடு தூரத்தையும் பாருங்கள்

காருக்குப் பின்னால் மாட்டும் சைக்கிள் ரேக் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சைக்கிள் தாங்கும்?" என்றுதான். சின்னக் கார் வைத்திருப்பவர் அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: கடைசி சைக்கிள் காரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கும்?

இந்த ரேக்கை மாட்டும் இடம் ஹிட்ச். அது காரின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புக் குறுக்குச் சட்டம். அதன் நடுவில், பம்பருக்குக் கீழே, ஒரு சதுரக் குழாயின் வாய் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். அதுதான் ரிசீவர். ரேக்கின் தண்டை அதற்குள் நுழைத்து, அது வெளியே வராதபடி குறுக்கே ஹிட்ச் பின் என்ற பூட்டுக் கம்பியைச் செருகுவார்கள். ரேக், சைக்கிள் எல்லாவற்றின் பாரமும் அந்த ஒற்றைத் தண்டு வழியாகத்தான் காருக்குப் போகிறது.

நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரமும் நிற்கலாம். அதையே கையை நீட்டிப் பிடித்தால் சற்று நேரத்தில் தோள் கடுத்துவிடும். வாளி அதேதான், தோளிலிருந்து அதன் தூரம்தான் கூடியிருக்கிறது. எடையைத் தூரத்தால் பெருக்கினால் கிடைக்கும் திருப்புத்திறன்தான் ஹிட்ச்சை வளைக்கப் பார்க்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சைக்கிள் ஒவ்வொன்றும் 15 கிலோ. முதல் சைக்கிள் ரிசீவர் வாயிலிருந்து 30 செ.மீ. தள்ளி நிற்கிறது, அடுத்தடுத்தவை 20 செ.மீ. இடைவெளியில். இரண்டு சைக்கிளுக்குத் திருப்புத்திறன் 12 கிலோ-மீட்டர் (கிலோவை மீட்டரால் பெருக்கிய அளவு, தூரம் அல்ல). நான்கு சைக்கிளுக்கு 36. சைக்கிள் இரட்டிப்பானால் திருப்புத்திறன் மூன்று மடங்காகிறது. நான்காவது சைக்கிள் மட்டும் முதல் சைக்கிளைப் போல் மூன்று மடங்கு வேலை வாங்குகிறது. சின்னக் காருக்கு நான்கு சைக்கிள் ரேக் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். கனமான சைக்கிளைக் காரை ஒட்டி வைக்க வேண்டும் என்பதும் இதே கணக்கிலிருந்துதான் வருகிறது.

இந்தத் திருப்புத்திறன் ஹிட்ச்சோடு நிற்பதில்லை, சக்கரங்கள் வரை போகிறது. அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் உள்ள காரில், பின் அச்சுக்கு 1.25 மீட்டர் பின்னால் 50 கிலோ தொங்குகிறது என்று வையுங்கள். பின் சக்கரங்கள் மேல் கூடுவது 75 கிலோ. மிச்சமான அந்த 25 கிலோ முன் சக்கரங்களிலிருந்து பறிபோகிறது. சின்னக் கார்களில் பெரும்பாலும் முன் சக்கரம்தான் இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கிலும் பெரும்பங்கு தாங்குகிறது. அதன் பிடிமானம் குறைந்தால் ஸ்டியரிங் லேசாகத் தெரியும், ஹெட்லைட் வெளிச்சமும் மேலே தூக்கிக்கொள்ளும். டிக்கியிலும் சாமான், பின் சீட்டிலும் ஆள் என்றால் பின் சக்கரங்களின் பாரம் இன்னும் கூடும். முழுச் சுமைக்கென்று கார் நிறுவனம் சொல்லும் டயர் காற்றழுத்தத்தை அன்றைக்கு வைத்தே ஆக வேண்டும்.

ஆகவே ரேக்கைப் பார்ப்பதற்கு முன் காரின் கையேட்டைத் திறந்து, ஹிட்ச் மேல் நேர் கீழாக எவ்வளவு பாரம் விழலாம் என்று பாருங்கள். அந்த வரம்பு 75 கிலோ என்று வைத்துக்கொண்டால், 20 கிலோ ரேக்கில் தலா 25 கிலோ மின்சார சைக்கிள் இரண்டை ஏற்றியதும் 70 வந்துவிடுகிறது. பேட்டரிகளைக் கழற்றி காருக்குள் வைத்தால் சில கிலோ குறையும். அந்த வரம்பு பொதுவாக டிரெய்லருக்காகச் சொல்லப்படுவது. டிரெய்லரின் பாரம் விழும் இடம் காரை ஒட்டியே இருக்கும், சைக்கிளோ அதைவிடத் தள்ளி நிற்கும். ரேக்குக்கென்று தனி வரம்பு கொடுத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வரம்பும் சொல்லாத கார் என்றால், ஹிட்ச் தயாரித்தவர் அந்த மாடலுக்கென்று கொடுத்த எண்ணைத் தாண்டக் கூடாது.

ரிசீவர் பொதுவாக இரண்டு அளவில் வரும்: 1.25 அங்குலம், 2 அங்குலம். சின்னக் கார்களுக்கு ஒன்றேகால்தான் அதிகம். வித்தியாசம் முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் சதுரக் கம்பியின் வளைவு தாங்கும் திறன் அதன் பக்க அளவின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஒரே உலோகத்தில் செய்த கெட்டிக் கம்பியாக இருந்தால், இரண்டு அங்குலத்தின் திறன் ஒன்றேகாலைப் போல் நான்கு மடங்கு. அடாப்டர் போட்டுச் சின்ன ரிசீவரில் பெரிய ரேக்கை மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பலவீனமான தண்டு அப்படியே இருக்கிறது, ரேக்கும் இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகிறது.

மேலே சொன்னதெல்லாம் நின்ற காரின் கணக்கு. ஓடும்போது பாரம் அவ்வப்போது பெருகும். உயரத்திலிருந்து விழாமல், சட்டென்று கையை விட்டாலே ஒரு எடை தன்னைப் போல் இரு மடங்கு விசையைத் தாங்கியின் மேல் காட்டும். வேகத்தில் பள்ளத்தில் இறங்கினால் அதற்கும் மேலே போகலாம். தண்டுக்கும் குழாய்க்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும், ரேக்கின் கடைசி முனையில் அது கண்ணுக்குத் தெரியும் ஆட்டமாகிறது. தண்டைக் குழாயின் சுவரோடு நெருக்கிப் பிடிக்கும் இறுக்குப் போல்ட் இல்லாத ரேக்கை வாங்காதீர்கள்.

ரேக்குகளில் இரு வகை. ஒன்றில் சைக்கிள் சட்டகத்தால் தொங்கும், இன்னொன்றில் தட்டின் மேல் சக்கரங்களால் நிற்கும். தொங்கும் வகை எடை குறைவு. ஆனால் சைக்கிள்கள் ஆடி ஒன்றையொன்று உரசும், மேல்குழாய் இல்லாத சைக்கிளுக்குத் தனியாக ஒரு கம்பி வாங்க வேண்டும். கார்பன் சட்டகமாக இருந்தால் சக்கரத்தை மட்டும் பிடிக்கும் தட்டு வகைதான் நல்லது. வரம்பு இடம் கொடுத்தால், இரண்டு சைக்கிளுக்கு மேல் போகாத எடை குறைந்த தட்டு ரேக்கைத்தான் நான் சொல்வேன்.

சின்னக் காரில் மட்டும் இன்னொரு தொல்லை. சைக்கிளின் நீளம் கிட்டத்தட்ட காரின் அகலமே இருப்பதால், ஒரு சக்கரம் சைலன்சர் வாய்க்கு நேரே வந்து நின்றுவிடலாம். சூடான புகை டயரை உருக்கும், கார்பனில் செய்த சக்கர ரிம்மையும் கெடுக்கும். அந்த இடத்தில் ஒரு சாண் இடைவெளியாவது இல்லையென்றால் சைக்கிளைத் திருப்பி மாட்டியோ நகர்த்தியோ பாருங்கள்.

நம்பர் பிளேட்டும் பின் விளக்குகளும் மறைகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மறைந்தால், அவற்றுக்குப் பதிலாக ரேக்கின் பின்னால் மாட்டும் விளக்குப் பலகை தேவைப்படும். புறப்பட்டுச் சிறிது தூரம் போனதும் ஒருமுறை ஓரமாக நிறுத்தி, ஹிட்ச் பின்னையும் சைக்கிளைக் கட்டிய பட்டைகளையும் சரிபார்த்து மறுபடி இறுக்குங்கள். முதல் குலுக்கல்களில்தான் எல்லாம் தன் இடத்தில் அமர்ந்து சற்றே தளரும்.