கீவேர்டை எத்தனை முறை எழுத வேண்டும்?

மாடித்தோட்டம் பற்றி இணையதளம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "100 வார்த்தைக்கு இரண்டு முறை கீவேர்டு (தேடுபவர் தட்டும் சொல்) வர வேண்டும் என்று எஸ்.இ.ஓ. (தேடலில் பக்கத்தை முன்னால் கொண்டுவரும் உத்தி) வகுப்பில் சொன்னார்கள். செம்பருத்திச் செடியில் வரும் மாவுப்பூச்சி பற்றி அப்படியே எழுதினேன். கூகுளில் தேடினால் நாலாவது பக்கத்தில்கூட என் கட்டுரை இல்லை. இன்னும் எத்தனை முறை சேர்க்கட்டும்?"

சேர்க்கவே வேண்டாம்.

நாம் தேடும்போதுதான் தேடுபொறி இணையத்தைத் துழாவுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது முன்கூட்டியே பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பட்டியல் போட்டு வைத்துவிடுகிறது. அதனால் பக்கங்களைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. கிடைத்த ஆயிரம் பக்கங்களில் எதை முதலில் காட்டுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது.

இதற்கு 1972இல் ஒரு வழி சொன்னவர் கேம்பிரிட்ஜில் இருந்த கணினி ஆராய்ச்சியாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். எல்லாச் சொல்லுக்கும் ஒரே மதிப்பெண் போடக் கூடாது. குறைவான ஆவணங்களில் வரும் சொல்லுக்கு அதிக மதிப்பெண் என்றார். கல்யாண மண்டபத்தில் "வேட்டி கட்டியிருக்கும் மாமாவைக் கூட்டிட்டு வா" என்று ஒரு சிறுவனை அனுப்பினால் அவன் யாரைக் கூட்டி வருவான்? "கையில் கட்டுப் போட்டிருப்பார்" என்றால் நேராகப் போய் நிற்பான்.

கணக்கு பள்ளிப் பாடத்தைத் தாண்டாது. மொத்தப் பக்கங்களை, அந்தச் சொல் வரும் பக்கங்களால் வகுத்து மடக்கை (log: 10இன் எத்தனையாவது அடுக்கு என்பது) எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மொத்தம் 10 லட்சம் பக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம். 'செடி' 1 லட்சம் பக்கங்களில் வந்தால் விடை 10. அதன் மடக்கை 1. 'மாவுப்பூச்சி' 1,000 பக்கங்களில் மட்டும் வந்தால் விடை 1,000, மடக்கை 3. இனி எனக்குப் பிடித்த இடம்: 'ஒரு' எல்லாப் பக்கத்திலும் வரும். விடை 1, அதன் மடக்கை பூஜ்யம்! 'ஒரு' முக்கியமான சொல் இல்லை என்று அந்த இயந்திரத்துக்கு யாரும் இலக்கணம் சொல்லிக் கொடுக்கவில்லை. எண்ணிப் பார்த்து அதுவே தெரிந்துகொள்கிறது.

சரி, அப்படியானால் 'மாவுப்பூச்சி'யை 50 முறை எழுதினால் மதிப்பெண் குவியாதா? லண்டனில் ஸ்டீஃபன் ராபர்ட்சன் குழுவினர் உருவாக்கிய பிஎம்25 என்ற சூத்திரம் அந்த ஆசைக்கு அணை போட்டது. வழக்கமாக வைக்கும் அளவுகளில், சராசரி நீளமுள்ள பக்கத்தில் ஒரு சொல் முதல் முறை வந்தால் 1 மதிப்பெண் (சொல் எவ்வளவு அரிது என்பதற்கான மதிப்பெண்ணால் இதைப் பெருக்குவார்கள்). இரண்டு முறை வந்தால் 1.38, ஐந்து முறைக்கு 1.77, இருபது முறைக்கு 2.08. எத்தனை முறை எழுதினாலும் 2.2ஐத் தொடாது. போதாக்குறைக்கு, பக்கம் நீள நீள மதிப்பெண் குறையும்.

கூகுள் தன் முழுச் சூத்திரத்தை வெளியிடுவதில்லை. ஆனால் சொல்லைத் திணிப்பதை மோசடி வகையில்தான் சேர்த்திருக்கிறது. பக்கத்துக்குள் ஒளித்து வைக்கும் கீவேர்டு பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று 2009இலேயே சொல்லிவிட்டது. இருந்தும் 'இரண்டு சதவீதம்' என்று காசு வாங்கிக்கொண்டு கற்றுத் தருகிறார்கள். ராகு காலம் பார்ப்பதற்காவது கட்டணம் கிடையாது!

இன்று மற்ற தளங்கள் தரும் இணைப்புகளும் கணக்கில் உண்டு. 1998இல் ஸ்டான்ஃபோர்டில் கூகுளின் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்கே பிரினும் எழுதிய பேஜ்ராங்க் என்ற முறை அதற்கானது. 2019 முதல் கூகுள் பெர்ட் என்ற மொழி மாதிரியையும் சேர்த்து, வாக்கியத்தின் பொருளையும் பார்க்கிறது. பேஜ்ராங்க் பிறந்த ஆய்வுத் திட்டத்துக்கு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் பணம் கொடுத்தது. ஸ்பார்க் ஜோன்ஸோ பல ஆண்டுகள் குறுகிய கால ஒப்பந்தங்களிலேயே காலம் தள்ளினார்; 1999இல்தான் பேராசிரியர் ஆனார். உடனடிப் பலனைக் கேட்கும் நிதிக் குழுக்களிடம் இந்த இரண்டு கதைகளையும் சொல்ல வேண்டும் போலிருக்கும் எனக்கு.

தமிழில் எழுதுபவருக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. செம்பருத்தி, செம்பருத்தியில், செம்பருத்திக்கு, செம்பருத்தியை: வெறுமனே எண்ணும் இயந்திரத்துக்கு இவை நான்கு வேறு சொற்கள். வேற்றுமை உருபைப் பிரித்து வேர்ச்சொல்லைக் காட்டும் மென்பொருள் துல்லியமாக இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். தமிழ்ப் பெருமை பேசும் மேடைகளுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்தால் கோடிப் புண்ணியம்.

வாசகரின் கட்டுரையைப் படித்துப் பார்த்தேன். 'செம்பருத்திச் செடி பராமரிப்பு' என்ற தொடர் பத்திக்குப் பத்தி வருகிறது. வேப்பெண்ணெய் எவ்வளவு, அதைத் தண்ணீரோடு கலக்க எந்த சோப்பு, இலையின் அடிப்பக்கத்திலும் தெளிக்க வேண்டுமா, எறும்பு ஏன் கூடவே வருகிறது என்று எதுவும் இல்லை. மாவுப்பூச்சி என்ற பெயர் தெரியாதவர் "செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது" என்றுதானே தேடுவார்? 'பஞ்சு' கட்டுரையில் ஒரு இடத்திலும் இல்லை. தலைப்பிலேயே அதைப் போடுங்கள். 'பராமரிப்பு' வரும் இடங்களில் பத்தை வெட்டிவிட்டு, அங்கே எறும்பைப் பற்றி எழுதுங்கள்.